விசிட்டிங் புரொஃபசர் வேலையும் சாண்ட்ரா சிஸ்னெரோஸிடம் நான் கற்றதும்

ஒரு வருட விசிட்டிங் புரொஃபசர் வேலைக்கான கடிதம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் கூடவே ஓர் ஊரின் பெயரும் ஞாபகத்துக்கு வந்தது: சிகோ. வடக்குக் கலிபோர்னியாவில் பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் கல்லூரி ஊர் அது. எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1987இல் அங்கே வருகைதரு ஆசிரியராகப் போனார். அப்போது அவருடைய முதல் நாவல் வெளிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, விருதும் வாங்கியிருந்தது. ஆனாலும் கையில் காசில்லை. சிகோவில் தனக்குப் பாடம் நடத்தவே வரவில்லை என்று மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரைக்கும் போனார். இதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

நான் தமிழில் கதை எழுதுகிறேன், பிழைப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) பல வருடம் பகுதிநேர ஆசிரியையாக இருந்தேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் மெக்சிகன் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாடமாக வைக்கத்தான் சிஸ்னெரோஸைப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் அவர் எழுதியதைப் போலவே அவர் எப்படிப் பிழைத்தார் என்பதும் என்னைப் பிடித்துக்கொண்டது. எழுத்தை விடாமல், எழுத்தை நம்பியும் வாழ முடியாமல், ஊர் ஊராக வருட ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1954இல் சிகாகோவில் பிறந்தவர். ஆறு ஆண் பிள்ளைகளோடு ஒரே பெண். அப்பா மெக்சிகோ நகரத்திலிருந்து வந்தவர், சோபாக்களுக்குத் துணி மாட்டித் தைக்கும் தொழிலாளி. மகள் கல்லூரிக்குப் போனால் நல்ல மாப்பிள்ளை அமைவான் என்பது அப்பாவின் கணக்கு. அதனாலேயே மகள் இலக்கியம் படித்ததை யாரும் தடுக்கவில்லை. மெக்சிகன் வேர் கொண்ட அமெரிக்கப் பெண்களில் தங்கள் வேரையும் அரசியலையும் சேர்த்தே சொல்லிக்கொள்பவர்கள் தங்களைச் சிகானா என்று அழைப்பார்கள். அந்த அடையாளத்தோடு எழுதியவர்களில் நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்களுக்குள் முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் சிஸ்னெரோஸ். அவருடைய 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' இன்று அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம்.

அந்தப் புத்தகம் பிறந்த விதத்திலேயே எனக்கு முதல் பாடம் கிடைத்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறையில் 1976 முதல் 1978 வரை அவர் முதுகலை படித்தார். ஒரு நாள் வகுப்பில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் காஸ்தோன் பாஷ்லார் வீட்டைப் பற்றி எழுதிய நூல் விவாதத்துக்கு வந்தது. பரண், மாடிப்படி, நிலவறை என்று மற்றவர்கள் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்க, சிகாகோவில் அடுக்குமாடி வாடகை வீடுகளில் வளர்ந்த இவருக்கு அதில் எதுவுமே தன்னுடையதாக இல்லை. அவமானமாக இருந்தது, பின் கோபம் வந்தது. இந்த வகுப்பில் வேறு யாரும் எழுத முடியாத ஒன்றை எழுதுவது என்று அன்றுதான் முடிவுசெய்தார். மேங்கோ ஸ்ட்ரீட்டின் குரல் அங்கே தொடங்கியது.

அயோவாவிலிருந்து திரும்பிய பிறகு, சிகாகோவில் படிப்பை இடையில் விட்ட லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட) இளைஞர்களுக்கான ஒரு மாற்றுப் பள்ளியில் ஆசிரியரானார். பகல் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இருப்பார். அவர்களுடைய கதைகள் கேட்கக் கேட்க மனசைப் பிசையும். இரவில் எழுதுவார். நாவல் 44 சின்னச் சின்ன அத்தியாயங்களாக அமைந்ததற்கு இந்த வாழ்க்கையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேலை முடித்துக் களைத்து வருகிறவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எழுதுபவரும் அதே களைப்பில்தான் இருந்தார்.

என் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் இதை நேரில் பார்த்தேன். ஒரு அத்தியாயத்தில் வீட்டில் ஒவ்வொருவருடைய தலைமுடியும் எப்படி இருக்கும் என்று மட்டுமே சொல்லியிருப்பார். ஒரு பக்கம்கூட வராது. அம்மாவின் கூந்தலில் ரொட்டி வாசம் அடிக்கும். அதைப் படித்துக்காட்டிவிட்டு, உங்கள் வீட்டில் எல்லாரிடமும் இருக்கும் ஒரே பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், பாசம், வலி என்று எதையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம் என்றேன். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே வகுப்புக்கு வரும் ஒரு பெண், ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். வாசலில் வரிசையாகக் கிடக்கும் செருப்பும் ஷூவும்தான் விஷயம். கூரை வேலைக்குப் போகும் அப்பாவின் பூட்ஸில் தார், அண்ணனுடையதில் காய்ந்த சிமெண்ட், ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மாவுடையதில் பிளீச் வாசனை. பாட்டியின் செருப்பு மட்டும் புதிதாகவே இருக்கிறது, அவர் எங்குமே போவதில்லை. கடைசி வரி வந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்தப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஒரே பொருள், ஒரே பக்கம், உணர்ச்சிக்குப் பெயர் வைக்கக் கூடாது. நேரமே இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

நாவலை அவர் முடித்ததும் அமெரிக்க அரசின் தேசியக் கலை அறக்கொடை தந்த உதவித்தொகையால்தான். 1982இல் கவிதைக்காக அது கிடைத்தது. ஐரோப்பா போய், கிரீஸில் ஹைட்ரா தீவில் உட்கார்ந்து எழுதி முடித்தார். வெளியிட்டது ஹூஸ்டனில் நிக்கோலஸ் கனெயோஸ் நடத்திய ஆர்ட்டே பூப்ளிகோ என்ற சிறு பதிப்பகம், 1984இல். அடுத்த வருடமே பிஃபோர் கொலம்பஸ் அறக்கட்டளையின் அமெரிக்கன் புக் விருது. லத்தீனோ எழுத்தை நியூயார்க் திரும்பிப் பார்க்காத காலம் அது. சிறு பதிப்பகம் இல்லை என்றால் புத்தகமே இல்லை. பெரிய இடத்துக்காகக் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் எழுத்தை உண்மையாகப் படிக்கும் சின்னப் பதிப்பாளர் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் புத்தகம் வாடகை கட்டாது. சான் அன்டோனியோவுக்கு வந்து குவாடலூப்பே கலாச்சார மையத்தில் இலக்கியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பின்னர் டோபி பைசானோ உதவித்தொகையில் ஆஸ்டினுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தங்கி எழுதினார். அது முடிந்ததும் டெக்சாஸிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை. சொந்தமாக எழுத்து வகுப்பு நடத்தலாம் என்று சூப்பர் மார்க்கெட்டிலும் துணி துவைக்கும் கடைகளிலும் நோட்டீஸ் கொடுத்தார். ஆள் சேரவில்லை. வேறு வழியில்லாமல்தான் சிகோ. அங்கே அவர் முடங்கிக் கிடந்தபோது கைகொடுத்தது மறுபடியும் அதே அறக்கொடை, இந்த முறை புனைவுக்கு. பெயரை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்துத் தேர்ந்தெடுத்த உதவித்தொகை அது. தன்னால் எதுவும் முடியாது என்று நம்பியிருந்தவருக்கு, முகம் தெரியாத சிலர் எழுத்தை மட்டும் படித்துவிட்டு நீ எழுதலாம் என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்!

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். சிகோ ஏன் அவரை அப்படி உடைத்தது? வேலை கடினம் என்பதால் மட்டும் இருக்காது. அதைவிடக் கடினமான வேலையைச் சிகாகோவில் பார்த்தவர் அவர். என் அனுமானம் இதுதான்: சிகாகோவில் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், சான் அன்டோனியோவில் ஒரு கலைக் கூட்டமே இருந்தது. சிகோவில் அவர் விருந்தாளி. விருந்தாளியிடம் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் சாயங்காலம் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

என் வருடமும் இப்படித்தான் தொடங்கியது. மத்திய மேற்கில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். விடுப்பில் போயிருந்த பேராசிரியரின் அறையைக் கொடுத்தார்கள். அலமாரி முழுக்க அவருடைய புத்தகங்கள், மேஜையில் அவர் பேத்தியின் படம். எனக்காக ஒரே ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் குடிபோனேன். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் அப்போதே கட்டியாக வேண்டும். முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. மருத்துவக் காப்பீடும் உடனே தொடங்கவில்லை. சிஸ்னெரோஸின் கதை தெரிந்திருந்ததால் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன், அந்த இடைவெளிக்குச் சேமிப்பை ஒதுக்கியும் வைத்திருந்தேன். துறையில் ஒருவர்கூட இதைத் தானாகச் சொல்லவில்லை.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் மின்னஞ்சலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துத் தருவார்களா? முதல் சம்பளம் என்றைக்கு? ஒரு பருவத்துக்கு எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை மாணவர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எழுத்து வகுப்பில் பன்னிரண்டு பேர் இருப்பதற்கும் இருபத்தைந்து பேர் இருப்பதற்கும் நடுவில் உங்கள் நாவலே காணாமல் போய்விடும், அத்தனை பக்கங்களையும் திருத்துவது நீங்கள்தான். இடம்பெயரும் செலவைக் கேளுங்கள். கேட்டால் கொஞ்சமாவது தருவார்கள், கேட்காதவருக்குத் தர மாட்டார்கள்.

காப்பீட்டை நான் தனியாகச் சொல்லக் காரணம் குளோரியா அன்சால்துவா. 1987இல் 'பார்டர்லேண்ட்ஸ்' எழுதியவர், சிகானா சிந்தனைக்கே அடித்தளம் போட்டவர். அந்தப் புத்தகம் பாடமாக இல்லாத பெண்ணியல் துறை அமெரிக்காவில் அரிது. அவரோ பெரும்பாலும் சொற்பொழிவிலும் தற்காலிக ஆசிரியப் பணிகளிலும்தான் வாழ்ந்தார். நீரிழிவு நோயின் சிக்கல்களால் 2004இல் 61 வயதில் இறந்துபோனார். முடிக்கும் தறுவாயில் இருந்த முனைவர் பட்டத்தை, சான்டா குரூஸ் பல்கலைக்கழகம் அவர் இறந்த பிறகு வழங்கியது. உடம்பைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத வேலையைக் கௌரவத்துக்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று நான் கெஞ்சிக்கூடக் கேட்பேன்.

சரி, சிஸ்னெரோஸ் சிகோவுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. பெர்க்லி, அர்வைன், மிச்சிகன், நியூ மெக்சிகோ என்று அடுத்த சில வருடங்களில் வரிசையாக வருகைதரு ஆசிரியராக இருந்தார். ஆனால் இப்போது கையில் எழுதிக்கொண்டிருக்கும் கதைகள் இருந்தன, அவற்றை விற்கத் தெரிந்த ஓர் இலக்கிய முகவரும் இருந்தார். சூசன் பெர்க்ஹோல்ஸ் என்ற அந்த முகவர் இவருடைய எழுத்தைப் படித்துவிட்டு இவரைத் தேடிக் கண்டுபிடித்தவர். 1991இல் ரேண்டம் ஹவுஸ் 'உமன் ஹாலரிங் க்ரீக்' கதைத் தொகுப்பை வெளியிட்டது. அதே வருடம் மேங்கோ ஸ்ட்ரீட்டை வின்டேஜ் பதிப்பகம் மறுபதிப்பு செய்தது. வேலை ஏறக்குறைய அதேதான், அதன் நடுவில் நின்ற ஆள் மாறிவிட்டார். நானும் இதைப் பார்த்துத்தான், பாதி எழுதிய கதைகளோடுதான் போவது, காலி நோட்டோடு போய் அங்கே புதிதாகத் தொடங்கலாம் என்று நினைக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். புது ஊரில் முதல் சில மாதம் புதிதாக எதுவும் முளைக்காது. பாதியில் நிற்கும் ஒன்றைத் தொடர்வதற்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே போதும். எனக்கு அது காலையில் கிடைத்தது. வகுப்புகளை மதியத்துக்கு மேல் போடச் சொல்லி முன்னாலேயே கேட்டுக்கொண்டேன். பருவம் தொடங்கிய பிறகு கேட்டிருந்தால் நடந்திருக்காது.

அந்த வருடங்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. பத்து வருடம் எழுதிய பிறகு ஒரே வருடத்தில் எல்லாம் வருகிறது: இரண்டாவது உதவித்தொகை, பெர்க்லியில் வருகைதரு பேராசிரியர் பதவி, நியூயார்க் பதிப்பகத்தோடு ஒப்பந்தம். கிறிஸ்துமஸுக்குச் சிகாகோ வீட்டுக்குப் போகிறார். அப்பா உடம்பு சரியில்லாமல் படுக்கையில் இருக்கிறார். டிவியில் பழைய மெக்சிகன் படம், கையில் பாலில் வேகவைத்த அரிசி இனிப்பு. மகளின் கதை ஒன்று ஸ்பானிஷில் மொழிபெயர்க்கப்பட்டு அப்போதுதான் அச்சாகி வந்திருக்கிறது. அதை அப்பாவிடம் கொடுக்கிறார். ஆங்கிலப் புத்தகம் படிக்கும் பழக்கமில்லாத மனிதர் மெதுவாக முழுவதையும் படிக்கிறார், சரியான இடங்களில் சிரிக்கிறார், இது யார், அது யார் என்று விசாரிக்கிறார். படித்து முடித்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க இன்னும் பிரதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். அந்த வருடம் நடந்த நல்லதிலெல்லாம் பெரியது அதுதான் என்று எழுதுகிறார் சிஸ்னெரோஸ்.

எனக்கு இது தலைகீழாக நடந்தது. வீட்டில் எல்லாருக்கும் என் கதைகளைப் படிக்க முடியும், துறையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வருகைதரு எழுத்தாளர் ஒரு பொது வாசிப்பு நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஒரு கதையை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முதல் பத்தியை மட்டும் தமிழில் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் சக ஆசிரியர்கள் என் அறைக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். வேறு மொழியில் எழுதுபவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் முதல் பருவத்திலேயே செய்துவிடுங்கள். உங்களை அழைத்தவர்களுக்கே நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று தெரியாமல் ஒரு வருடத்தைக் கழிப்பது இரண்டு தரப்புக்கும் நஷ்டம்.

கிளம்பும்போது கவனிக்க வேண்டியவை வேறு. ஒப்பந்தம் முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் நூலக அனுமதியும் நின்றுவிடும். மாணவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு அடுத்த சில வருடமும் எழுதுவார்கள், அவர்களிடம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிடுங்கள். பாடத்திட்டம், பயிற்சிகள், உங்கள் வரைவுகள் எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்னெரோஸின் கடிதங்களும் வரைவுகளும் இன்று சான் மார்கோஸில், டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விட்லிஃப் சேகரிப்பில் இருக்கின்றன. இத்தனை ஊர் மாறியும் அவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

1995இல் அவருக்கு மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்தது. ஐந்து வருடம், நிபந்தனை ஏதும் இல்லாத பணம். ஏறக்குறைய அதே சமயத்தில் சான் அன்டோனியோவில் தன் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி எழுத்தாளர்களை உட்கார வைத்து ஒரு பட்டறை தொடங்கினார். கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் நாவலில் வரும் ஊரின் பெயரையே வைத்து மக்கோண்டோ என்று அழைத்தார். எழுதுவதோடு தங்கள் சமூகத்துக்காகவும் வேலை செய்பவர்களுக்கான இடம் அது. அயோவாவில் தான் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை அவர் மறக்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகமும் தராத ஒன்றைத் தன் சமையலறையில் அவர் கட்டிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவருடைய புத்தகங்கள் அளவுக்கே அதையும் மதிக்கிறேன்.

சான் அன்டோனியோவுக்குத் திரும்பிய பிறகு நாங்கள் சிலரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுகிறோம். இரண்டு பேர் தமிழில் எழுதுகிறோம், ஒருவர் தெலுங்கு, மற்றவர்கள் ஸ்பானிஷும் ஆங்கிலமும். ஒருவர் முறைக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் கொண்டுவரக் கூடாது. ஆங்கிலம் இல்லாத எழுத்து என்றால் மொழிபெயர்ப்போடு வர வேண்டும், ஆனால் முதலில் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்தவரிடம் முதலில் கேட்பது, அடுத்து என்ன எழுதப் போகிறீர்கள் என்று. குறை சொல்வது அதற்குப் பிறகுதான். உதவித்தொகைக் கெடு தேதிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கெடு நெருங்கும் மாதம் யாருக்காவது விண்ணப்பம் பாக்கி என்றால் அன்று கதை வாசிப்பு கிடையாது. எல்லாரும் உட்கார்ந்து அவருடைய விண்ணப்பத்தைத்தான் முடித்துக் கொடுப்போம்.